பில் டேபிள் பெருகப் பெருக இன்செர்ட் இழுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோயம்பேடு மார்க்கெட்டில் சில காய்கறி மண்டிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8, அதில் தரவைச் சேமிக்கும் எஞ்சின் இன்னோடிபி. டேபிள் சிறிதாக இருந்தவரை இன்செர்ட் (புதிய பில்லைச் சேர்ப்பது) சட்டென்று முடிந்தது. இப்போது விடியற்காலையில் லாரி இறங்கும் நேரத்தில், ஒரு பில் சேவ் ஆவதற்குள் அடுத்த மூட்டை தராசில் ஏறிவிடுகிறது. அந்த அவசரத்தில் அவர்களைக் காக்கவைப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவின் தனி அடையாளம்) ரேண்டம் யூயூஐடி, அதாவது வரிசையில்லாத நீண்ட ஐடி; கூடவே தேடலுக்கு ஐந்து இண்டெக்ஸ். இன்னோடிபி ரோக்களை பிரைமரி கீ வரிசையில் அடுக்குவதால், புதிய ரோ ஒவ்வொன்றும் எங்கோ ஒரு 16 கேபி பேஜில் போய் விழுகிறது. பேஜ்களை மெமரியில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலோ டீஃபால்ட் 128 எம்பிதான். அதில் அடங்காமல் டிஸ்க்குக்கு ஓடுகிறது என்பது என் சந்தேகம். பூலை முதலில் ஏற்றிப் பார்க்கிறேன், சரி. அப்புறமும் இழுத்தால்?

லாக் ஃபிளஷை (லாக்கை எப்போது டிஸ்க்கில் எழுதுவது என்ற செட்டிங்) 2 ஆக்கச் சொல்கிறார்கள். கரண்ட் போனால் கடைசி ஒரு விநாடி பில்கள் போய்விடலாம். மண்டிக் கணக்கில் அது கூடவே கூடாது.

கீயை மாற்றும் முன் ரேண்டம் கீதான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது? வரிசையாக ஏறும் எண்ணான ஆட்டோ இன்கிரிமெண்டுக்கு, வியாபாரம் நிற்காமல் மாற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.