"இது எங்க அப்பத்தா இல்ல": கதாபாத்திர வடிவமைப்பில் எங்கே தவறுகிறேன்?

தேனிக்கரை (கேள்வி)

வணக்கம். நானும் என் தங்கையும் இரண்டு வருடமாக ஒரு சிறிய மென்பொருள் செய்துவருகிறோம். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே ஆட்களை உருவாக்கி, குரல் கொடுத்து, இரண்டு மூன்று நிமிட அனிமேஷன் படம் எடுக்கலாம். கோடாட் என்ற விளையாட்டு எஞ்சினில் எழுதுகிறோம், முப்பரிமாண மாடல்கள் பிளெண்டர் மென்பொருளில். உடலுக்கு, மனித உருவங்களைச் செய்யும் மேக்ஹியூமன் என்ற மென்பொருளின் அடிப்படை மெஷ்ஷை (புள்ளிகளை இணைத்த வலை வடிவம்) எடுத்துக்கொண்டோம். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிறார்கள், உரிமத் தொல்லை இல்லை.

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு பெண் தன் அப்பத்தா சொன்ன கதையைப் படமாக்க உட்கார்ந்தாள். கதையில் அப்பத்தாவும் வரவேண்டும். முக்கால் மணி நேரம் ஸ்லைடர்களை இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் திரையில் நின்றது தலை நரைத்த ஒரு இளம்பெண். "இது எங்க அப்பத்தா இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்தக் கதையையே விட்டுவிட்டு ஒரு ராஜா கதை எடுத்தாள். ராஜா உடை எங்களிடம் நான்கு விதம் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பிறகு அவளிடமே கேட்டேன், அப்பத்தா எப்படி இருப்பார் என்று. கண்டாங்கிச் சேலை, பின்கொசுவம் வைத்த கட்டு, ரவிக்கை போடுவதில்லை, காதில் தண்டட்டி, அந்தப் பாரத்தில் காது தோளைத் தொடுகிற மாதிரி தொங்கும், நடக்கும்போது கொஞ்சம் குனிந்து நடப்பார். இதில் ஒன்றுகூட எங்கள் மென்பொருளில் முடியாது.

எங்களிடம் இருப்பது 84 ஸ்லைடர். மேக்ஹியூமனில் வரும் ஆப்பிரிக்க, ஆசிய, காகேசிய என்ற மூன்று ஸ்லைடருக்கு நடுவில் எங்கள் ஊர் முகம் எங்கே இருக்கிறது என்று தேடியே ஒரு வாரம் போயிற்று. வயது ஸ்லைடரை நாங்களே எழுதினோம். தோலில் சுருக்கம் வரும், முடி வெளுக்கும், அவ்வளவுதான். சேலை என்பது உடம்பில் ஒட்டிய ஒரே மெஷ். ஒரே விதக் கட்டுதான் உண்டு, கையைத் தூக்கினால் தோள் வெளியே துருத்தும்.

வயது, சேலை, காது: இந்த மூன்றையும் எங்கிருந்து திருத்தத் தொடங்குவது? வாயசைவும் இப்போதைக்கு வெறுமனே திறந்து மூடுகிறது. அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

நாகை ரிக்கர்

தம்பி, முதலில் வயது. சுருக்கத்தை மறந்துவிடுங்கள். பத்தடி தூரத்தில் நிற்கும் ஒருவருக்கு வயதாகிவிட்டது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? சுருக்கம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. முதுகு வளைந்திருக்கும், தோள் முன்னால் விழுந்திருக்கும், கழுத்து முன்னே நீண்டிருக்கும். பல் போயிருந்தால் உதடு உள்ளே மடிந்து முகவாய் மூக்கை நெருங்கும். கண்ணிமை தொங்கும். காதும் நீளும். 1995இல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வில் 30 வயதைத் தாண்டியவர்களின் காதுகளை அளந்திருந்தார்கள், வருடத்துக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர். நாற்பது வருடத்துக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் ஆகிறது. தண்டட்டி போடாத கிழவருக்கும் இது உண்டு.

ஆகவே வயது ஸ்லைடர் மெஷ்ஷின் வடிவத்தை மாற்றவேண்டும். அதைவிட முக்கியம், மெஷ்ஷை உள்ளிருந்து அசைக்கும் எலும்புகளின் இடத்தையும் மாற்றவேண்டும். ஷேப் கீ (மெஷ்ஷின் புள்ளிகளை நகர்த்தி வடிவத்தை மாற்றும் வசதி) வைத்து முதுகை வளைத்துவிட்டு எலும்பை நிமிர்ந்தபடியே விட்டால், பாட்டி திரும்பும்போது தோள் எங்கோ இருக்கும், திருகல் வேறெங்கோ நடக்கும். மேக்ஹியூமன் மெஷ்ஷுக்குள் மூட்டுக்கு மூட்டு சின்னச் சின்னக் கனசதுரங்கள் இருந்ததே, நினைவிருக்கிறதா? உடல் மாறும்போது அவையும் நகரும், அவற்றின் நடுப்புள்ளிதான் எலும்பு முனையின் இடம். தேவையில்லை என்று ஏற்றுமதிக்கு முன் அழித்திருப்பீர்கள். எல்லோரும் அழிப்பார்கள். திரும்ப எடுத்து வையுங்கள், ஒவ்வொரு ஆளைச் சேமிக்கும்போதும் அதிலிருந்து எலும்புகளைக் கணக்கிடுங்கள்.

காதுக்கு ஷேப் கீ போதாது. தண்டட்டிக்காக வளர்த்த காதில் பெரிய துளை இருக்கிறது, சாதாரண காது மடலில் அந்த அளவுக்குத் துளை இல்லை. ஷேப் கீயால் புள்ளிகளை நகர்த்தத்தான் முடியும், இல்லாத துளையைப் போட முடியாது. காதைத் தனிப் பாகமாக வெட்டி வையுங்கள். தலையோடு சேரும் விளிம்பில் சாதாரண காது, வளர்த்த காது இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில், ஒரே இடத்தில் புள்ளிகள். விளிம்பில் நார்மல்களை (மேற்பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்பவை) தலையிலிருந்து நகலெடுத்துப் போட்டால் தையல் தெரியாது. தொங்கும் மடலுக்கு இரண்டு எலும்பு போதும், தண்டட்டியைக் கடைசி எலும்பில் கட்டுங்கள். கோடாட் 4.4இல் ஸ்பிரிங் எலும்பு வந்துவிட்டது, தலையைத் திருப்பினால் ஒரு நொடி தாமதித்து ஆடும். கனமான நகை, ஆட்டம் குறைவாக வையுங்கள்.

84 ஸ்லைடர் பற்றி ஒரே வார்த்தை: பிள்ளைகளிடம் ஸ்லைடரைக் காட்டாதீர்கள். முதல் திரையில் பன்னிரண்டு ஆட்கள் நிற்கட்டும், வயது வயதாக, உடல்வாகு உடல்வாகாக. "இவர் மாதிரி" என்று ஒருவரைத் தொட்ட பிறகு, முகத்தில் மூக்கைத் தொட்டு இழுத்தால் மூக்கு மாறட்டும். பட்டியலில் 'மூக்குப் பால அகலம்' என்று தேடவேண்டிய தேவையே இல்லை.

தோல் நிறத்துக்கு எத்தனை கட்டம் வைத்திருக்கிறீர்கள்? ஆறு என்றால் அது பெரும்பாலும் 1975இல் தோல் மருத்துவத்துக்காக வந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவின் வாரிசு. வெயிலில் யாருக்குத் தோல் சிவக்கும், யாருக்குக் கறுக்கும் என்று பார்க்க வந்த அளவு அது. 2022இல் கூகுள் வெளியிட்ட மங்க் அளவில் பத்து நிறம் இருக்கிறது, கறுப்புப் பக்கம் வேறுபாடு நன்றாகத் தெரியும். அப்புறம் உங்கள் விளக்குகளையும் பாருங்கள். கறுத்த தோலின் அழகு அதன் மினுக்கில் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு விளக்கு இல்லாவிட்டால் முகம் தட்டையாகிவிடும்.

தறிச்சத்தம்

என் அப்பா நெசவாளர், நான் விளையாட்டு நிறுவனம் ஒன்றில் உடைகள் செய்கிறேன். சேலை விஷயத்தில் நீங்கள் செய்த தவறை நானும் ஆறு வருடம் முன்பு செய்தேன். சேலையைச் சட்டை மாதிரி நினைத்துவிட்டோம்.

சட்டைக்கு வடிவம் உண்டு. சேலைக்குக் கிடையாது. அது ஒரு நீள்சதுரத் துணி, ஆறு கஜம் என்றால் சுமார் 5.5 மீட்டர். வடிவம் கட்டில்தான் இருக்கிறது. அதனால் மென்பொருளிலும் துணி வேறு, கட்டு வேறு என்று பிரித்துவிடுங்கள். பின்கொசுவம் ஒரு கட்டு, முன்கொசுவம் ஒரு கட்டு, வேலை செய்யும்போது இழுத்துச் செருகிய கட்டு ஒன்று. ஒவ்வொன்றையும் பிளெண்டரில் உண்மையான நீள்சதுரத் துணியிலிருந்து, துணி எப்படி விழும் என்று கணக்கிடும் சிமுலேஷன் ஓட்டிக் கட்டி, உறையவைத்து, மெஷ்ஷாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கணினியில் சிமுலேஷன் ஓடவே வேண்டாம்.

இதில் உயிர்நாடி யூவி, அதாவது படத்தின் எந்தப் பகுதி மெஷ்ஷில் எங்கே படியும் என்ற தட்டை வரைபடம். கட்டிய பிறகு யூவி விரிக்காதீர்கள். கட்டுவதற்கு முன், துணி நேராகக் கிடக்கும்போது விரித்தது அப்படியே இருக்கட்டும். அப்போது டெக்ஸ்சர் (மெஷ்ஷின் மேல் ஒட்டும் படம்) என்பது தறியிலிருந்து இறங்கிய சேலைதான்: மேலே ஒரு கரை, கீழே ஒரு கரை, ஒரு முனையில் முந்தி. கண்டாங்கியின் கட்டத்தையும் அகலக் கரையையும் ஒரே படமாக வரைந்தால் போதும், எந்தக் கட்டில் போட்டாலும் கொசுவத்தில் கரை அடுக்கடுக்காகச் சரியாக வந்து விழும். முதல் தடவை திரையில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிறத்தையும் பிரித்து வையுங்கள். கட்டம், கரை, உடல் மூன்றுக்கும் மூன்று முகமூடிச் சானல் (எந்த நிறம் எங்கே ஏறவேண்டும் என்று குறிப்பவை) கொடுத்துவிட்டால் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு எல்லாம் பிள்ளைகளே மாற்றிக்கொள்வார்கள்.

உடலோடு ஒட்டுவதற்கு, துணியின் ஒவ்வொரு புள்ளியையும் உடலில் அருகிலுள்ள மூன்று புள்ளிகளோடு கட்டுங்கள். மேக்ஹியூமன் தன் உடைகளுக்குச் செய்வதும் இதுதான். உடல் பருத்தால் துணியும் விலகும். கொசுவத்தை மட்டும் இப்படிக் கட்டாதீர்கள், மடிப்பெல்லாம் நசுங்கும். அதற்குத் தனி எலும்புகள் வையுங்கள்.

தோள் துருத்துவது, துணிக்கு அடியில் உள்ள தோலை மறைக்காததால். ஆனால் எதை மறைப்பது என்ற பட்டியல் உடலோடு இருந்தால் தப்பு, கட்டோடு இருக்கவேண்டும். ரவிக்கை இல்லாத கட்டில் தோளும் கையும் தெரியவேண்டும், முந்திக்கு அடியில் மட்டும் மறையவேண்டும். அந்தக் கட்டை வைக்கத் தயங்காதீர்கள். அந்த ஊர் அப்பத்தாக்கள் காலம்பூராவும் கம்பீரமாக உடுத்தியது அது. முந்தியை நன்றாக இழுத்துப் போர்த்திய நிலையில் உறையவைத்தால் வகுப்பறையில் எந்தச் சங்கடமும் வராது.

மாத்திரைக் கணக்கு

நான் தமிழாசிரியர். பாடங்களுக்கு நானே வாயசைவு செய்து பழகியதால் எழுதுகிறேன்.

ஒலிப்பதிவிலிருந்து எடுப்பதென்றால் ருபார்ப் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஆறிலிருந்து ஒன்பது வாய் வடிவங்களைத் தரும். அதில் ஆங்கிலத்துக்கென்று ஒரு முறை, எந்த மொழிக்கும் பொதுவாக ஒரு முறை உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

வசனம் எழுத்தில் இருந்தால் அதைவிட நன்றாகச் செய்யலாம். 'க' எங்கே அழுத்தி வரும், எங்கே மென்மையாக வரும் என்ற குழப்பம் காதுக்குத்தான், உதட்டுக்கு இல்லை. ப, ம வந்தால் உதடு மூடும். வ வந்தால் கீழுதடு மேல்பல்லைத் தொடும். உ, ஊ, ஒ, ஓவுக்குக் குவியும், இ, ஈ, எ, ஏவுக்கு விரியும், ஆவுக்குத் திறக்கும். நேரத்துக்கு மாத்திரை இருக்கவே இருக்கிறது: குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை.

ஒரே எச்சரிக்கை குற்றியலுகரம். 'பாட்டு', 'வந்து', 'காது' என்று சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு குவிவதில்லை. நான் முதலில் எல்லா உகரத்துக்கும் உதட்டைக் குவித்தேன், எல்லோரும் விசிலடிப்பது போல் இருந்தது. சொல்லின் கடைசியில் வரும் கு, சு, டு, து, பு, று ஆறுக்கும் அரை மாத்திரை, குவியாத உதடு. இலக்கணப்படி குற்றியலுகரம் ஆகாத 'அது' போன்ற சொற்களுக்கும் பேச்சில் அப்படியே செய்யலாம்.

பல் இல்லாத அப்பத்தாவுக்கு 'வ'வில் மேல்பல் தெரியக்கூடாது. ரிக்கர் சொன்ன வயதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேனிக்கரை

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

ரிக்கர் அண்ணா, கனசதுரங்களை நான் அழித்துத்தான் இருந்தேன். திரும்ப வைத்து, வயதுக்கு முதுகெலும்பை நகர்த்தியதும், நடையே மாறிவிட்டது. நடைக்கு என்று நான் எதுவும் தனியாகச் செய்யவில்லை.

நடுவில் ஒரு பெரிய அடி விழுந்தது, பிறருக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். நாங்கள் ஆட்களை ஸ்லைடர் வரிசை எண்படி சேமித்துவந்தோம். காதுக்குப் புதிய ஸ்லைடரைப் பட்டியலின் நடுவில் சேர்த்ததும், பிள்ளைகள் போன மாதம் செய்த 31 ஆட்களும் கோணலாகத் திறந்தார்கள். ஒருவருடைய தாடை அளவு மூக்குக்குப் போயிருந்தது. பழைய வரிசையைக் கையால் எழுதி ஒவ்வொன்றாக மீட்டோம். இப்போது ஒவ்வொரு ஸ்லைடருக்கும் மாறாத பெயர் ஒன்று, கோப்பின் தலையில் பதிப்பு எண். தொடங்கும் நாளிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

தறிச்சத்தம் அக்கா, நேராக விரித்த யூவி வேலை செய்கிறது. தங்கை ஒரே நாளில் ஏழு சேலை வரைந்துவிட்டாள்.

நேற்று அதே பள்ளிக்குப் போனோம். அந்தப் பெண் பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தொட்டு, கண்டாங்கி கட்டி, தண்டட்டி போட்டு, பத்து நிமிடத்தில் முடித்தாள். பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடது காதை மட்டும் குட்டையாக்கத் தெரியவில்லை என்றாள். அப்பத்தாவுக்கு இடது காது அறுந்து தைத்ததாம், அதில் தண்டட்டி போடுவதில்லையாம். எங்கள் மென்பொருளில் ஒரு பக்கத்தை இழுத்தால் மறுபக்கமும் சேர்ந்தே நகரும்.

இன்று காலையிலிருந்து இடதையும் வலதையும் பிரிக்கும் பொத்தானைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை திரும்பவும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.