10 சதவீதத் திறந்தவெளி: அளவு சரி, இடம் சரியா?

பக்கத்துமனை:
எங்கள் கொல்லையை ஒட்டிய 1 ஹெக்டேர் நிலத்தில் 24 வீடுகள் வரப்போகின்றன. வரைபடத்தைப் பார்த்து ஆட்சேபம் இருந்தால் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பொதுத் திறந்தவெளி 10 சதவீதம் வேண்டும் என்பது உள்ளூர் விதி. கணக்குப்படி அச்சாக 1,000 சதுர மீட்டர் இருக்கிறது. ஆனால் அது பின்மதிலை ஒட்டி 8 மீட்டர் அகலத்தில் 125 மீட்டர் ஓடும் ஒரு பட்டை. அதன் நடுவில் மழைநீர்க் கால்வாய்! குழந்தைகள் எங்கே விளையாடுவார்கள்? ஆட்சேபிக்கப் போகிறேன். வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

கோடுபோடுபவன்:
10 கேட்டார்கள், 10 கொடுத்துவிட்டார்கள். குறைந்தபட்ச அகலம் இவ்வளவு என்று விதியில் இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் ஆட்சேபம் நிற்காது. வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. ஒருமுறை "முகப்பு இன்னும் இதமாக இருக்கலாம்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இதத்தை எந்த ஸ்கேலில் வரைவது? பரிசீலிப்பவர் விதியைப் பார்க்கட்டும், ரசனையைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும்.

பக்கத்துமனை:
2 மீட்டர் துணி தருகிறேன் என்று சொல்லிவிட்டு நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுத்தால் அதில் சட்டை தைப்பீர்களா சார்? அளவு சரிதானே!

வடிகால்:
பூங்காவை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். கூரை, சாலை, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் சேர்த்து 6,000 சதுர மீட்டர் வருகிறது. ஒரே அடியாக 50 மில்லிமீட்டர் கொட்டினால் 3 லட்சம் லிட்டர். முன்பு மண் ஒரு பங்கைக் குடித்துக்கொண்டிருந்தது, இனி சிமென்ட் குடிக்காது. கால்வாய் 2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். முழுக்க நிரம்பினாலும் 1.5 லட்சம் லிட்டர்தான். மீதி போக வெளிவாய் எங்கே? இணைத்த தாளில் தேடினேன், காணோம். பின்பக்கம்தான் தாழ்வு, மதிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள்தானே இருக்கிறீர்கள்?

கோடுபோடுபவன்:
தண்ணீர் விஷயம் நியாயம், அதை நானே கேட்பேன். ஆனால் அதைச் சாக்காக வைத்துத் திறந்தவெளியை இழுக்காதீர்கள். பூங்காவை நடுவில் வைக்கச் சொன்னால் 2 வீடு போகும். அந்தச் செலவு மற்ற 22 பேர் தலையில்தான் விழும்.

வடிகால்:
வீடு போக வேண்டாம். ஒவ்வொரு மனையிலும் அரை மீட்டர் அகலம் எடுங்கள். ஒரு வரிசைக்கு 12 மனை, 6 மீட்டர் கிடைக்கிறது.

கோடுபோடுபவன்:
எடுத்தால் பக்கவெளி விதி, அதாவது வீட்டுக்குப் பக்கவாட்டில் விட வேண்டிய இடம், உடையும். அப்புறம் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான். அதற்கும் இங்கே வந்து ஆட்சேபிப்பீர்கள்!

வடிகால்:
வீட்டை அரை மீட்டர் சுருக்குங்கள் என்றேன், பக்கவெளியை அல்ல.

பக்கத்துமனை:
இருவரும் சண்டையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பின்பக்கம்தான் தாழ்வு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்குக் கொடுத்த தாளில் நிலத்தின் மேடு பள்ளம் எதுவும் குறிக்கப்படவில்லையே.

வடிகால்:
கால்வாயை அங்கே போட்டிருப்பதால் ஊகித்தேன். மட்டக்கோடுகளே இல்லாத தாளா? அப்படியானால் உங்கள் முதல் ஆட்சேபம் அதுதான்.

கோடுபோடுபவன்:
இதில் நானும் உங்கள் கட்சி. மட்டம் குறிக்காத வரைபடத்தை வாங்கியே இருக்கக் கூடாது.