ஷார்ட்கட் நோட்டைத் தூக்கிப் போடலாமா? ஒரு வேலை-நாள் கணக்கில் தொடங்கிய சண்டை

மூன்றாம்முயற்சி:
நேற்று எழுதிய மாதிரித் தேர்வில் வந்த கணக்கு இது. ஒரு வேலையை ரவி தனியாக 12 நாளில் முடிப்பார், மணி தனியாக 18 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். வேலை முடிவதற்கு 3 நாள் முன்பு ரவி விலகிவிடுகிறார். மொத்தம் எத்தனை நாளில் வேலை முடிந்தது? ஆப்ஷன்கள் 7.2, 9, 10.5, 13.5.

நான் 13.5 போட்டேன். விடை 9. இத்தனைக்கும் வேலை-நாள் கணக்குக்கு மட்டும் 25 ஷார்ட்கட் எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. இன்னும் நன்றாக மனப்பாடம் செய்ய வேண்டுமா, இல்லை போகிற வழியே தப்பா?

வேகவேங்கை:
வழி சரிதான், எடுத்த சூத்திரம்தான் தப்பு. 'தொடங்கி 3 நாள் கழித்து விலகினார்' என்பது ஒரு வகை, 'முடிய 3 நாள் முன்பு விலகினார்' என்பது வேறு வகை. இரண்டாவதற்கு, விலகியவரின் நாளோடு 3ஐக் கூட்டுங்கள், 15. அதை இருப்பவரின் 18ஆல் பெருக்கி, 12ம் 18ம் சேர்ந்த 30ஆல் வகுங்கள். 9. எட்டு நொடி வேலை. நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

நிதானன்:
வேங்கை சொன்ன சூத்திரம் சரி. ஆனால் ஒரு மாதம் கழித்து, விலகியவருடைய நாளோடு கூட்ட வேண்டுமா, இருப்பவருடைய நாளோடு கூட்ட வேண்டுமா என்று கேட்டால் எத்தனை பேர் தயங்காமல் சொல்வார்கள்?

இப்படிப் பாருங்கள். 12, 18 இரண்டுக்கும் மீ.சி.ம., அதாவது இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண், 36. மொத்த வேலை 36 மூட்டை தூக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவி நாளுக்கு 3 மூட்டை, மணி 2. சேர்ந்தால் 5. கடைசி 3 நாளும் ரவி போகாமல் இருந்திருந்தால்? கூடுதலாக 9 மூட்டை தூக்கியிருப்பார். ஆக 45 மூட்டை, நாளுக்கு 5, ஒன்பது நாள். முடிந்தது.

உங்கள் 13.5 எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம். ரவி 3 நாள் வேலை செய்துவிட்டுப் போனார் என்று படித்திருக்கிறீர்கள். 3 நாளில் 15 மூட்டை, மீதி 21ஐ மணி 10.5 நாளில் தூக்குவார், மொத்தம் 13.5. கூட்ட மறந்தவருக்காக 10.5ம் ஆப்ஷனில் இருக்கிறது. ரவி விலகியதையே கவனிக்காதவருக்கு 7.2. நாம் எங்கெங்கே சறுக்குவோம் என்று யோசித்து, அங்கங்கே ஒரு ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள். அதனால் 'என் விடை ஆப்ஷனில் இருக்கிறதே' என்று சந்தோஷப்படக் கூடாது.

வேகவேங்கை:
விளக்கம் அருமை, வகுப்பறைக்கு. 60 நிமிடத்தில் 100 கேள்வி என்றால் ஒன்றுக்கு 36 நொடி. கேள்வியைப் படிக்கவே 15 போய்விடும். மீதி 21 நொடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்க முடியுமா? 97ஐ 96ஆல் பெருக்கச் சொன்னால் நான் தாளில் கை வைக்க மாட்டேன். 100க்கு 3 குறைவு, 4 குறைவு. 97லிருந்து 4 போனால் 93, மூன்று நான்கு 12. விடை 9312.

நிதானன்:
அதே வழியில் 88ஐ 87ஆல் பெருக்குங்கள். குறைவு 12, 13. முன்பாதி 75, பின்பாதி 156. 75156 என்று எழுதி வைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். பின்பாதிக்கு இரண்டு இலக்க இடம்தான், மிஞ்சும் 1 முன்பாதிக்குப் போக வேண்டும், விடை 7656. ஏன் இரண்டு இலக்கம் என்று தெரிந்தவருக்கு இந்தத் தப்பு வராது. நான் ஷார்ட்கட்டுக்கு எதிரி இல்லை. காரணம் தெரியாத ஷார்ட்கட்டைத்தான் சொல்கிறேன்.

பழையமாணவி:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவள். போகும்போது 60 கி.மீ. வேகம், வரும்போது 40 என்றால் சராசரி 48 என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரண்டையும் பெருக்கு, இருமடங்காக்கு, கூட்டுத்தொகையால் வகு. தேர்வில் வந்தது என்ன தெரியுமா? 'பயண நேரத்தில் பாதியை 60லும் பாதியை 40லும் கடந்தார்.' நான் கண்ணை மூடிக்கொண்டு 48. விடை 50. நேரம் சமமாக இருந்தால் சாதாரண சராசரி போதும், தூரம் சமமாக இருந்தால்தான் 48. மெதுவாகப் போகும் பாதியில் அதிக நேரம் ஆகிறது, அதனால்தான் சராசரி கீழே இழுக்கப்படுகிறது. இதை யோசிக்காமலே இரண்டு வருடம் அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

அதன்பிறகு நோட்டில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'எப்போது மட்டும்' என்று ஒரு வரி எழுதினேன். பல சூத்திரங்களுக்கு அந்த வரியை எழுத முடியவில்லை. அவற்றை அடித்துவிட்டேன்.

ஆனால் நிதானன் சொல்வதையும் முழுதாக ஏற்க மாட்டேன். சிலவற்றை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஏழில் ஒரு பங்கு 14.28 சதவீதம், எட்டில் ஒரு பங்கு 12.5, பதினொன்றில் ஒரு பங்கு 9.09. விலை 25 சதவீதம் ஏறினால், அதாவது நான்கில் ஒரு பங்கு ஏறினால், செலவு மாறாமல் இருக்க வாங்கும் அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், 20 சதவீதம். இதையெல்லாம் அங்கே உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

வேகவேங்கை:
அக்கா பாதி என் பக்கம் வந்துவிட்டார், சந்தோஷம். சிவப்பு மை யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். விடை கண் முன்னே இருக்கும்போது எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும்? ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள். 9 நாள் என்றால் மணி 18 மூட்டை, ரவி 6 நாளில் 18 மூட்டை, மொத்தம் 36. சரி, அடுத்த கேள்வி. (உங்கள் மூட்டையைத்தான் எடுத்தேன், கோபம் வேண்டாம்.) 3, 4, 5ஆல் வகுத்தால் முறையே 2, 3, 4 மீதி வரும் மிகச் சிறிய எண் எது என்றாலும் அப்படித்தான். சிறிய ஆப்ஷனிலிருந்து சோதித்துப் போனால் 59ல் நின்றுவிடும்.

நிதானன்:
மூட்டை வந்துவிட்டது அல்லவா, அப்போது அது ஷார்ட்கட் இல்லை! 59க்கும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. எல்லா மீதியும் வகுக்கும் எண்ணுக்கு ஒன்று குறைவு. அப்படியென்றால் தேடும் எண் 3, 4, 5இன் மீ.சி.ம.வான 60க்கு ஒன்று குறைவு. 'இவற்றில் எதுவுமில்லை' என்று ஒரு ஆப்ஷன் வைத்துவிட்டால் உங்கள் சோதனை மூன்றையும் போட்டுப் பார்த்த பிறகுதான் முடியும்.

ஓரமாய்நிற்பவன்:
ஒன்றும் புரியாவிட்டால் குத்துமதிப்பாக ஒன்றைப் போடலாமா? சரிக்கு 3 மார்க், தப்புக்கு 1 குறைப்பு, நான்கு ஆப்ஷன்.

பழையமாணவி:
கண்ணை மூடிப் போட்டால் நான்கில் ஒன்று சரியாகும் என்று வையுங்கள். வந்த 3ஐ மற்ற மூன்று தப்பும் தின்றுவிடும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு ஆப்ஷனை உறுதியாக நீக்க முடிந்தால், மூன்றுக்கு ஒன்று சரி, இரண்டு தப்பு, 1 மார்க் மிஞ்சும். ஆனால் இது சராசரிதான், ஒரே தேர்வில் எப்படியும் போகலாம். மார்க் விதி மாறினால் இந்தக் கணக்கும் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்முயற்சி:
கேள்வியை மாற்றிப் பார்த்தேன். ரவி இருக்கிறார், மணிதான் முடிய 3 நாள் முன்பு போகிறார். மணி தூக்காமல் விட்டது 6 மூட்டை. 42ஐ 5ஆல் வகுத்தால் 8.4. நோட்டைத் திறக்கவில்லை. 20 நொடி ஆனது.

வேகவேங்கை:
12 பெருக்கல் 21, வகுத்தல் 30. 8.4. ஆறு நொடி.

நிதானன்:
சரி, இருவருக்கும் ஒன்று. யாரும் கடைசியில் விலகவில்லை. நடுவில் ரவி மட்டும் 2 நாள் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்புகிறார். எத்தனை நாள்?

மூன்றாம்முயற்சி:
மறுபடியும் 8.4 வருகிறது. எங்கேயாவது தப்பு செய்துவிட்டேனா?

நிதானன்:
இல்லை. ரவியின் 2 நாளும் மணியின் 3 நாளும் ஒரே 6 மூட்டை.

வேகவேங்கை:
இது என் நோட்டில் இல்லை. இருங்கள், 26ஆவது வகையாக எழுதி வைக்கிறேன். சிவப்பு மையோடு.