குரோம்ல தேடினா வேற தளத்துக்குப் போகுது, எக்ஸ்டென்ஷனை எடுக்க முடியல – உதவி தேவை

பெரம்பூர்_பிசி:
வீட்டு டெஸ்க்டாப், விண்டோஸ் 10 ஹோம். குரோம்ல எதைத் தேடினாலும் பேர் தெரியாத ஒரு தேடல் பக்கம் மின்னி மறைஞ்சு, அப்புறம் யாஹூ முடிவுகள் வருது. எக்ஸ்டென்ஷன் பக்கத்துல பிடிஎஃப் பேர்ல ஒண்ணு இருக்கு, அதுக்கு ரிமூவ் பட்டனே இல்ல. மூணு புள்ளி மெனுவோட அடியில "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது"ன்னு வேற காட்டுது. இது ஆபீஸ் மெஷின் கிடையாது. கூடவே வலது கீழ் மூலையில "5 வைரஸ் உள்ளது, உடனே ஸ்கேன் செய்க"ன்னு ஓயாம வருது. டிஎன்பிஎஸ்சி மாதிரி வினாத்தாளை வேர்டுக்கு மாத்த ஒரு கன்வெர்ட்டர் இறக்கினதுல இருந்து இப்படி. விண்டோஸ் கூடவே வர்ற டிஃபென்டர் ஆன்டிவைரஸோட ஃபுல் ஸ்கேன் ஒண்ணும் காட்டல. ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடையில கேட்டா ஃபார்மேட்தான் வழிங்கறாங்க. பண்ணியே ஆகணுமா?

சைதை_நெட்:
வேண்டாம் சார். இதுல ரெண்டு தனித்தனி தொல்லை இருக்கு, ஒண்ணை சரி பண்ணினா இன்னொண்ணு போகாது.

மூலையில வர்ற "வைரஸ்" பெரும்பாலும் வைரஸே இல்ல. ஏதோ ஒரு தளம் "அலவ்" அமுக்கச் சொல்லி, அமுக்கியிருப்பீங்க. அடுத்த தடவை வரும்போது உத்துப் பாருங்க, கீழே பொடி எழுத்துல கூகுள் குரோம்னும் ஒரு தளத்தோட பேரும் இருக்கும். குரோம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி வாங்கின பட்டியல்ல தெரியாததையெல்லாம் தூக்குங்க. ரெண்டு நிமிஷ வேலை. அந்தப் பாப்அப்ல போன் நம்பர் போட்டிருந்தா கூப்பிட்டுடாதீங்க.

தேடல் திசை மாறுறதுதான் நிஜமான சிக்கல். "நிறுவனம் நிர்வகிக்கிறது"ன்னு வந்தா ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கிற இடம்) யாரோ பாலிசி, அதாவது குரோமுக்கான கட்டாய விதி, எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். சில ஆன்டிவைரஸும் எழுதும், அதனால முதல்ல பார்த்துடுங்க. முகவரிப் பட்டையில குரோம்://பாலிசின்னு ஆங்கிலத்துல டைப் பண்ணுங்க. "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்"னு ஒரு வரியும், அதுல 32 எழுத்து நீளத்துக்கு ஒரு ஐடியும் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பக்கத்துல டெவலப்பர் மோடை ஆன் பண்ணினா உங்க பிடிஎஃப் ஆசாமியோட ஐடி தெரியும். ரெண்டும் ஒண்ணுன்னா ஆள் சிக்கியாச்சு. பாலிசி பக்கத்துல அதே வரியில "ஸ்கோப்"ங்கற கட்டத்துல இருக்கிறதையும் குறிச்சுக்கோங்க. மெஷின்னு இருந்தா ரெஜிஸ்ட்ரியில ஹெச்கீ லோக்கல் மெஷின், கரன்ட் யூசர்னு இருந்தா ஹெச்கீ கரன்ட் யூசர்.

அடுத்து குரோமை மூடி, டாஸ்க் மேனேஜர்லயும் பின்னணியில ஓடலைன்னு உறுதி பண்ணிட்டு ரெஜ்எடிட் (ரெஜிஸ்ட்ரியைத் திருத்துற கருவி) திறங்க. மேலே பார்த்த கிளையில சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம். அந்தக் குரோம் ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி முதல்ல எக்ஸ்போர்ட், அப்புறம் டெலீட். எக்ஸ்போர்ட்டை விட்டுடாதீங்க, தப்பான கிளையை அழிச்சிட்டா மீட்க அது ஒண்ணுதான் இருக்கும். திரும்ப குரோம்://பாலிசி போய் ரீலோட். காலியா இருந்தா ரிமூவ் பட்டன் தன்னால வந்துடும்.

தாம்பரம்_சிஸ்அட்மின்:
சைதை சொன்னது சரி, ஆனா அதுக்கு முன்னாடி டாஸ்க் ஷெட்யூலர் (புரோகிராம்களைத் தானா ஓட வைக்கிற விண்டோஸ் கருவி) பாருங்க ப்ரோ. இல்லேன்னா நீங்க அழிக்க அழிக்க அதுல ஒளிஞ்சிருக்கிற டாஸ்க் பாலிசியைத் திரும்ப எழுதிக்கிட்டே இருக்கும். டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரியில ஒவ்வொண்ணா ஆக்‌ஷன்ஸ் டேப்பைத் திறந்து எந்த ஃபைலை ஓட்டுதுன்னு பாருங்க. பேரை நம்பாதீங்க, எல்லாமே "அப்டேட்"னுதான் பேர் வச்சுக்கும். கூகுளோட சொந்த அப்டேட் டாஸ்க் புரோகிராம் ஃபைல்ஸ்ல இருந்து ஓடும், அதைத் தொடவேண்டாம். பவர்ஷெல்லை (கமாண்ட்களை ஓட்டுற விண்டோஸ் கருவி) கூப்பிட்டு ஆப்டேட்டாங்கற ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஸ்கிரிப்ட்டை ஓட்டுற டாஸ்க் இருந்தா அதுதான். ஸ்கிரிப்ட்டோட பாதையை எழுதி வச்சுக்கிட்டு டாஸ்க்கை அழிங்க, அப்புறம் அந்த ஃபைலையும்.

கன்ட்ரோல் பேனல்ல புரோகிராம் பட்டியலை இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்கி, கன்வெர்ட்டர் வந்த அதே நாள்ல கூட வந்ததையெல்லாம் நீக்குங்க. டெஸ்க்டாப் ஷார்ட்கட்டோட பிராப்பர்ட்டீஸ்ல டார்கெட் பெட்டி குரோம்.இஎக்ஸ்இ-யோட முடியணும். அதுக்குப் பின்னால ஒரு தளத்து முகவரி ஒட்டிக்கிட்டிருந்தா அதையும் வெட்டுங்க.

இதெல்லாம் ஆனதுக்கு அப்புறம் மால்வேர்பைட்ஸ் கம்பெனியோட ஆட்வ்கிளீனர்ங்கற ஸ்கேனரை ஓட்டுங்க. இலவசம், இன்ஸ்டால் வேண்டாம். ஆனா தேடி இறக்காதீங்க, தேடலே அவன் கையில இருக்கு. வேற மெஷின்ல மால்வேர்பைட்ஸ் தளத்துக்கே முகவரியை டைப் பண்ணிப் போய் இறக்கி பென்டிரைவ்ல கொண்டு வாங்க. "இந்த வைரஸை நீக்குவது எப்படி"ன்னு வர்ற பல பக்கங்கள் காசு கேட்கிற ஸ்கேனரை விக்கிறதுக்குன்னே எழுதினது.

பெரம்பூர்_பிசி:
நோட்டிஃபிகேஷன் நின்னுடுச்சு. ஆப்டேட்டா ஸ்கிரிப்ட் ஓட்டுற ஒரு டாஸ்க் இருந்தது, ரெண்டையும் அழிச்சேன். பாலிசியும் அழிச்சேன். ஆனா ரீஸ்டார்ட் பண்ணினதும் பாலிசி மட்டும் திரும்ப வந்துடுச்சு.

தாம்பரம்_சிஸ்அட்மின்:
அப்போ குரூப் பாலிசி ஃபைல்லயும் எழுதியிருக்கு, அதுல இருந்துதான் ரெஜிஸ்ட்ரிக்குத் திரும்ப வருது. விண்டோஸ், சிஸ்டம்32 உள்ளே குரூப்பாலிசின்னு மறைஞ்ச ஃபோல்டர் இருக்கும். வியூல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணினா தெரியும். அதோட பேரை குரூப்பாலிசி-பழசுன்னு மாத்துங்க. ரெஜிஸ்ட்ரி கிளையை இன்னொரு தடவை அழிச்சு, அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஜிபிஅப்டேட், ஒரு இடைவெளி, சாய்கோடு, ஃபோர்ஸ். பிறகு ரீஸ்டார்ட். எட்ஜ்லயும் இதே கூத்து நடக்குதான்னு எட்ஜ்://பாலிசியில பாருங்க. அதோட கிளை பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், எட்ஜ்.

பெரம்பூர்_பிசி:
போயிடுச்சு! எக்ஸ்டென்ஷனையும் ரிமூவ் பண்ணியாச்சு, ஆட்வ்கிளீனர் மிச்சம் மீதியைக் குவாரன்டைன் பண்ணி ஒதுக்கி அடைச்சிடுச்சு. அதே ஜிமெயில்தான் பையன் லேப்டாப்லயும் இருக்கு. ரவுட்டரையும் ரீசெட் பண்ணணுமா?

சைதை_நெட்:
அதே வைஃபையில போன்ல தேடிப் பாருங்க. போன்ல ஒழுங்கா வந்தா ரவுட்டர் மேல பழி இல்ல. அதுலயும் திசை மாறினாத்தான் ரவுட்டருக்குள்ள டிஎன்எஸ் (தளத்தோட பேரை வச்சு அது இருக்கிற இடத்தைக் காட்டுற செட்டிங்) பார்க்கணும்.

லேப்டாப்பைக் கண்டிப்பா பாருங்க. குரோம் சின்க், அதாவது ஒரே கணக்குல இருக்கிற மெஷின்களை ஒண்ணுபோல வைக்கிற வசதி, எக்ஸ்டென்ஷனையும் சேர்த்துக் கொண்டு போகும். ஒரு மெஷின்ல மிச்சம் இருந்தாலும் இன்னொண்ணுக்குத் திரும்ப வர வாய்ப்பு உண்டு. கடைக்காரர் சொன்ன மாதிரி ஃபார்மேட் பண்ணியிருந்தாலும், அதே கணக்குல நுழைஞ்சா இதே கதை நடந்திருக்கலாம். ரெண்டு மெஷின்லயும் சின்க்ல எக்ஸ்டென்ஷன்ஸை மட்டும் அணைச்சு, ரெண்டுலயும் சுத்தம் பண்ணிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. அந்தக் கன்வெர்ட்டரோட இன்ஸ்டாலர் டவுன்லோட்ஸ்லயோ டி டிரைவ்லயோ கிடக்கும், அதையும் அழிச்சிடுங்க.

அந்த எக்ஸ்டென்ஷனுக்கு எல்லாத் தளத்துலயும் நீங்க பார்க்கிறதைப் படிக்கிற அனுமதி இருந்திருக்கும். அதனால ஜிமெயில், நெட் பேங்கிங் பாஸ்வேர்டை போன்ல இருந்து மாத்துங்க. கூகுள் கணக்குல "உங்கள் சாதனங்கள்" பட்டியல் போய்த் தெரியாத மெஷினையெல்லாம் சைன் அவுட் பண்ணுங்க. பேங்க் கணக்குல தெரியாத டிரான்சாக்‌ஷன் ஏதாவது இருந்தா பேங்குக்குச் சொல்லிட்டு உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு கூப்பிடுங்க.

தாம்பரம்_சிஸ்அட்மின்:
விண்டோஸ் செக்யூரிட்டியில ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யூடேஷன் பேஸ்ட் புரொடெக்‌ஷன் செட்டிங்ஸ். "பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்" அணைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், ரெண்டு டிக்கும் போடுங்க. வைரஸ்னு சொல்ல முடியாத இந்த மாதிரி ஓசி சாஃப்ட்வேரைப் பிடிக்கிற வேலை அதோடது.