மோரோவிண்ட்: இதயத்தின் அருகே சென்றதும் இறந்துவிடுகிறேன், உதவி தேவை

செம்மலைப்பயணி

வணக்கம். மோரோவிண்ட் வீடியோ ஆட்டத்தின் கடைசிச் சண்டையில் மாட்டிக்கொண்டு மூன்று நாட்களாகின்றன. இறுதி எதிரியான டாகோத் ஊர் என்பவனை முதலில் ஒருமுறை வீழ்த்திவிட்டேன். உள்ளே பெரிய அறையில் மீண்டும் வருகிறான், எவ்வளவு வெட்டினாலும் சாகவில்லை. அங்கிருக்கும் பழந்தெய்வத்தின் இதயத்தைத்தான் தாக்க வேண்டும் போலிருக்கிறது என்று அதன் அருகே போனால் சில நொடிகளில் நான் இறந்துவிடுகிறேன். எட்டு முறை முயன்றுவிட்டேன். தேவையான பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. கடினநிலையை மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தும் எந்த மாற்றமும் இல்லை. யாராவது விரைவாகச் சொல்லுங்கள்.

கைவிளக்கு

நண்பரே, உதவ விரும்புகிறேன், ஆனால் இவ்வளவு விவரத்தை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கணினியில் ஆடுகிறீர்களா, எக்ஸ்பாக்ஸிலா? கணினி என்றால் பழைய எஞ்சினா, ரசிகர்கள் உருவாக்கிய ஓப்பன்எம்டபிள்யூ எஞ்சினா? மோட், அதாவது ஆட்டத்தை மாற்றும் கூடுதல் கோப்பு, ஏதேனும் சேர்த்திருக்கிறீர்களா? பாத்திரத்தின் நிலை என்ன? "பொருள்கள் எல்லாம்" என்று நீங்கள் குறிப்பிடுபவை எவை? எல்லாவற்றையும் விட முக்கியமாக, இறக்கும் நொடியில் உங்கள் கையில் எந்த ஆயுதம் இருக்கிறது?

எரிமலைக்கல்

அவர் எரிகுழம்பில் விழுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த அறையின் அடித்தளம் முழுவதும் எரிகுழம்புதான். இதயம் இருக்கும் இடத்துக்குச் செல்லும் பாலமோ குறுகலானது. பின்னாலிருந்து டாகோத் ஊர் தாக்கும்போது கால் தவறுவது எளிது. மிதக்கும் மருந்து இரண்டு குடித்துவிட்டுப் போனால் தீர்ந்தது.

பழஞ்சுவடி

இந்த ஆட்டம் 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதே கேள்வி வந்துகொண்டேயிருப்பதற்குக் காரணம், ஆடுபவர்கள் உரையாடல்களைப் படிக்காமல் தட்டித் தள்ளிவிட்டு வாளை மட்டும் வீசுவதுதான். இதயத்தை என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கதையில் தெய்வமாக வழிபடப்படும் விவெக் தன் வாயாலேயே சொல்கிறான். அதைப் படித்தவருக்கு இந்த ஐயம் எழாது. நாட்குறிப்பைத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வழிமாறியவன்

கார்ப்ரஸ் நோயாக இருக்குமோ? கதையின்படி நாம் அந்த நோய்க்கு ஆளாகிறோம் அல்லவா? இதயத்தை நெருங்க நெருங்க அது தீவிரமடையும் என்று நினைக்கிறேன். நோயே இதயத்தின் ஆற்றலிலிருந்து பிறந்ததுதானே.

கைவிளக்கு

அதற்கு வாய்ப்பில்லை. மந்திரவாதி டிவேத் ஃபைர் தரும் மருந்தைக் குடித்த பிறகு கார்ப்ரஸின் தீங்குகள் நீங்கிவிடுகின்றன. மற்ற நோய்களும் அதன்பின் அண்டுவதில்லை. அந்த மருந்தைக் குடிக்காமல் கதை இந்த இடம் வரை வழக்கமான பாதையில் நகராது.

செம்மலைப்பயணி

கணினி. மோட் இல்லை. நிலை 31. சண்டர் சம்மட்டி, கீனிங் குறுவாள், ரெய்த்கார்ட் கைக்கவசம் மூன்றும் இருக்கின்றன. எரிகுழம்பில் விழவில்லை, பாலத்தில் நின்றபடியே இறக்கிறேன். டாகோத் ஊர் ஏதோ மந்திரம் போடுகிறான் என்று நினைக்கிறேன். அவசரமாக வெளியே செல்கிறேன், இரவு வந்து பார்க்கிறேன்.

நிலவும்மீனும்

ஒரு கேள்வி. ரெய்த்கார்டை விவெக்கிடமிருந்து நேராகப் பெற்றீர்களா, அல்லது அவனைக் கொன்று, அவன் உடலிலிருந்து எடுத்ததை யாக்ரம் பாகார்னிடம் கொடுத்துச் சீர்செய்துகொண்டீர்களா? இரண்டாவது வழி என்றால், மறைந்துபோன த்வெமர் இனத்தில் உயிரோடிருக்கும் கடைசி ஆளான அந்த முதியவர் ஒட்டுப்போட்டுத் தரும் கைக்கவசம் உங்கள் உடல்நலத்தில் பெரும்பகுதியை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் டாகோத் ஊரின் ஓர் அடியைக்கூடத் தாங்க முடியாமல் போகலாம்.

முதல் வழி என்றால், அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். இரண்டாவது அறையில் டாகோத் ஊரோடு சண்டையிடுவதே வீண், ஏனெனில் அவனுடைய உயிர் இதயத்தோடு பிணைந்திருக்கிறது, அந்தப் பிணைப்பு அறும் வரை அவனை யாராலும் கொல்ல முடியாது. அவனைப் பொருட்படுத்தாமல் பாலத்தைக் கடந்து, முதலில் சண்டரால் இதயத்தை ஒருமுறை அடித்து, பிறகு கீனிங்கால் இதயம் மறையும் வரை குத்த வேண்டும். வரிசை மாறினால் பலன் இல்லை. இன்னொன்று, ஓடிக்கொண்டே போகாதீர்கள். இந்த ஆட்டத்தில் களைப்பு மிகுந்தால் அடி குறி தவறும், அதிலும் சண்டர் மழுங்கிய ஆயுதம், கீனிங் குறுவாள், நீங்கள் நீண்ட வாளில் மட்டும் தேர்ச்சி பெற்றவராக இருந்தால் இவ்விரண்டும் காற்றைத்தான் கிழிக்கும். இளைப்பாறிவிட்டு நடந்தே செல்லுங்கள்.

பழஞ்சுவடி

நல்ல அறிவுரைதான். ஆனால் விவெக்கின் கையிலிருந்து ரெய்த்கார்டை நன்றியோடு வாங்கிக்கொள்பவர்கள், பழங்காலத் தலைவன் நெரெவாரைக் கொன்றவர்களுள் ஒருவனிடமே, நெரெவாரின் மறுபிறவியான நம் பாத்திரம் கைநீட்டி நிற்கும் முரணை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

எரிமலைக்கல்

அவர்கள் கொன்றார்கள் என்பது ஒரு தரப்பின் கூற்று மட்டுமே. செம்மலைப் போரில் பட்ட காயங்களால் நெரெவார் இறந்தான் என்றுதான் கோயில் சொல்கிறது. கொலை என்ற கதை நெரெவாரின் கேடயம் தாங்கிய அலாண்ட்ரோ சுல் வழியாகச் சாம்பல்நிலத்தார் என்ற நாடோடிக் குடிகளிடம் வந்தது. வாய்மொழியாகப் பல தலைமுறைகள் கடந்த கதையை எந்த அளவுக்கு நம்புவது?

பழஞ்சுவடி

கோயில் யாருடையது? அல்மலெக்ஸியா, சோதா சில், விவெக் ஆகிய மூவரைத் தெய்வங்களாகப் போற்றும் கோயில். குற்றம் சாட்டப்பட்டவர்களே எழுதிய தீர்ப்பைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். சாம்பல்நிலத்தாரை நம்ப வேண்டாம், விவெக்கையே நம்புங்கள். அவன் எழுதிய 36 உரைகளில் கடைசி உரையின் பத்திகளுடைய முதலெழுத்துகளை ஆங்கில மூலத்தில் வரிசையாகச் சேர்த்துப் பாருங்கள், "இழிந்த கொலை" என்று பொருள்படும் இரண்டு சொற்கள் கிடைக்கும். 29ஆம் உரையில் வரும் எண்களைத் திறவுகோலாகக் கொண்டு ஒவ்வோர் உரையிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்தால், தான் தெய்வமாகப் பிறக்கவில்லை என்றும், தெய்வத்தன்மையைத் திருடித் தலைவனைக் கொன்றதாகவும் அவனே ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் வெளிப்படும். கரந்துறை செய்யுள் எழுதுபவனின் கைத்திறன் அது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நிலவும்மீனும்

அந்த எழுத்து வித்தையின் அழகை நானும் மறுக்கவில்லை, முதன்முறை கண்டுபிடித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றேன். ஆனால் அது சான்றாகுமா என்பது வேறு கேள்வி. விவெக் கவிஞன், தன்னைப் பற்றிய புனைவுகளைத் தானே சமைத்துக்கொண்டவன். அந்த உரைகளில் மேலே தெரிவதெல்லாம் பொய் என்று தள்ளிவிட்டு, உள்ளே ஒளித்திருப்பது மட்டும் மெய் என்று கொள்வதற்கு என்ன அடிப்படை? போரைப் பற்றி அவனே நம்மிடம் தரும் மற்றொரு விவரிப்பில், நெரெவார் காயங்களால் இறந்தான் என்றும், இதயத்தின் கருவிகளான சண்டர், கீனிங், ரெய்த்கார்ட் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று அசூரா தேவியின் பேரால் அவனுக்குக் கொடுத்த வாக்கைத் தாங்கள் பின்னர் மீறிவிட்டதாகவும் சொல்கிறான். வாக்கு தவறியதை ஒப்புக்கொள்கிறான், கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே எழுத்தாளனின் எழுத்துதான்.

இந்தத் தொடருக்கு இது புதிதும் அன்று. 1996இல் வந்த முந்தைய ஆட்டமான டாகர்ஃபாலில் ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் பல முடிவுகள் உண்டு, அவற்றுள் எது உண்மை என்று தீர்ப்பதற்குப் பதிலாக, காலமே உடைந்து எல்லா முடிவுகளும் ஒருசேர நிகழ்ந்தன என்று பின்னர் வரலாறாக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட உலகில் நெரெவாரின் மரணத்துக்கு ஒரே விடையைத் தேடுவது பொருந்துமா?

பழஞ்சுவடி

காலம் உடைந்தது என்ற விளக்கத்தை எல்லாவற்றுக்கும் நீட்டினால் பிறகு எதைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. அது விடை தெரியாதவர்களின் அடைக்கலம்.

எரிமலைக்கல்

விடை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதை நாங்கள் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

வழிமாறியவன்

எனக்கு ஒன்று விளங்கவில்லை. டாகோத் ஊர் கெட்டவன் என்றுதானே நினைத்திருந்தேன்? போருக்குப் பின் அந்தக் கருவிகளைக் காத்து நிற்குமாறு நெரெவாரே அவனிடம் ஒப்படைத்ததாகக் கதையில் வருகிறதே, அப்படியென்றால் அவன் நண்பனா, துரோகியா?

நிலவும்மீனும்

அவனும் நம்மை அதே கேள்வியோடுதான் வரவேற்கிறான். காவலுக்கு நிறுத்தப்பட்டவன் காத்த பொருளாலேயே கெட்டுப்போனான் என்பது என் எண்ணம். மூவரும் பின்னாளில் அதே கருவிகளால் தெய்வத்தன்மை பெற்றதைப் பார்த்தால், அவர்களுக்கும் இவனுக்கும் இடையே பெரிய வேறுபாடு எதையும் என்னால் காண முடியவில்லை. அவர்கள் நகரங்களில் வழிபடப்பட்டார்கள், இவன் மலைக்குள் அகுலாகான் என்ற மாபெரும் இயந்திர உருவத்தைக் கட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

கைவிளக்கு

அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். கேட்டவர் எட்டு முறை இறந்திருக்கிறார், நாமோ பல நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவனைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். அவருடைய இரண்டு பதிவுகளையும் மீண்டும் படித்தேன். கடினநிலையைக் குறைத்தும் எந்த மாற்றமும் இல்லை என்கிறார், அதுதான் என் கண்ணில் பட்ட துப்பு. அந்த அளவி எதிரிகள் தரும் அடியின் வலிமையைக் குறைக்கும். டாகோத் ஊர் அடித்துத்தான் இறக்கிறார் என்றால், உயிர் போகும் நேரம் சற்றேனும் நீண்டிருக்க வேண்டும். ஆகவே சாவுக்குக் காரணம் எதிரியின் அடி அன்று, தம் கையில் இருப்பதே.

சண்டரையோ கீனிங்கையோ ரெய்த்கார்ட் இல்லாமல் கையில் எடுத்தால், எடுத்தவரையே அது கொன்றுவிடும். ரெய்த்கார்ட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அணிந்திருப்பதாக எழுதவில்லை.

செம்மலைப்பயணி, இரண்டு விவரங்கள் மட்டும் சொல்லுங்கள். அந்த அறைக்குள் நுழையும்போது உங்கள் வலக்கையில் என்ன கவசம் இருக்கிறது? சண்டரை முதன்முறையாக எப்போது கையில் எடுக்கிறீர்கள்? கைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் ஒரே இடத்தைப் பிடிப்பவை என்பதால், ஒன்றைப் போட்டால் மற்றது தானாகக் கழன்று பைக்குள் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது.

எரிமலைக்கல்

இருக்கட்டும், மிதக்கும் மருந்தையும் எடுத்துச் செல்லட்டும். வெம்னால், ஓட்ரோசால் கோட்டைகள் வரை போய் இரண்டு ஆயுதங்களையும் மீட்டவர், கைக்கவசத்தைப் போட மறந்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பழஞ்சுவடி

நம்ப முடியாதது எதுவும் இல்லை. உரையாடல்களைப் படிக்காதவர்கள் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

எரிமலைக்கல்

நீங்கள் சொன்னது நாட்குறிப்பைத் திறந்து பார்க்கச் சொல்லி ஓர் ஏளனம். கைக்கவசம் என்ற சொல்லே உங்கள் பதிவில் இல்லை.

செம்மலைப்பயணி

கண்ணாடிக் கவசம் முழுவதும் அணிந்திருந்தேன், பாதுகாப்பு அதிகமாக இருக்கட்டும் என்று செம்மலைக்குச் செல்லும் வாயிலான கோஸ்ட்கேட்டில் வைத்துக் காப்புகளையும் மாட்டினேன். ரெய்த்கார்ட் பையில்தான் இருந்தது. வழியெல்லாம் என் வாளையே பயன்படுத்தியதால், சண்டரை இதயத்தின் முன்னால் நின்றுதான் முதன்முறை கையில் எடுத்தேன். வலக்கைக் காப்பைக் கழற்றிவிட்டு ரெய்த்கார்டை மாட்டினேன், முதல் முயற்சியிலேயே முடிந்துவிட்டது. வெளியே வந்தால் வானம் தெளிந்திருக்கிறது, புழுதிப்புயல் இல்லை. கைவிளக்குக்கு நன்றி.

கைவிளக்கு

மகிழ்ச்சி. தலைப்பில் தீர்ந்தது என்று சேர்த்துவிடுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

நிலவும்மீனும்

வாழ்த்துகள். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சண்டைக்கு முன்னால் டாகோத் ஊரிடம் பேசலாம், நீ வென்றால் இதயத்தை என்ன செய்வாய் என்று அவன் கேட்பான். எட்டு முறை அவன் முன்னே நின்றவர் நீங்கள். என்ன பதில் சொன்னீர்கள்?

பழஞ்சுவடி

அவர் போய்விட்டார். போனால் போகட்டும், 36ஆம் உரையைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.