புதுப்பிப்பு: கைமரத்துத் துளைகளும் மரங்கொத்தியும்

தாழ்வாரத்துக் கைமரத்தில் வட்டத் துளைகள், கீழே மரத்தூள், போதாக்குறைக்கு மரங்கொத்தி வேறு வந்து கொத்துகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது.

கரையான் இல்லை. தச்சுத் தேனீ, அந்தப் பெரிய கறுப்பு வண்டு மாதிரி இருப்பது. அது மரத்தைத் தின்பதில்லை, முட்டையிடத்தான் குடைகிறது. துளையின் வாய் ஏறக்குறைய 1 செ.மீ., உள்ளே போனதும் மரத்தின் இழை ஓடும் திசையில் திரும்பி நீள்கிறது. மரங்கொத்தி தேடி வந்தது உள்ளிருக்கும் புழுக்களை. அதனால் பறவையை விரட்டி மட்டும் பயனில்லை.

உடனே அடைக்கச் சொன்னவர்களுக்கு: உள்ளே தேனீ இருந்தால் வேறு வழி குடைந்து வெளியே வந்துவிடும். அவை பறந்துபோகும்வரை காத்திருந்து, எஃகு நார் திணித்துப் பட்டி பார்த்தேன். பழைய துளையை விட்டுவைத்தால் அடுத்த பருவத்தில் மறுபடி குடியேறும். பிறகு பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் போரேட் கரைசல் (மரத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் போரான் உப்புக் கரைசல்) பூசினேன். காய்ந்ததும் பிரைமர், பெயின்ட். போரேட் மழையில் கரைந்துவிடும், மேல்பூச்சு கட்டாயம். வார்னிஷ் மட்டும் போதாது.

தேனீக்களைக் கொல்ல மனமில்லை, மகரந்தம் சேர்ப்பவை அல்லவா. கொல்லையில் காய்ந்த கட்டை ஒன்றை அவற்றுக்காகவே போட்டிருக்கிறேன்.