மறு: "ஸ்பிளிட்டிங்": பிரிப்பா, பகுப்பா, உடைப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

டெண்டர் விடாமல் தப்பிக்க ஒரே வேலையைப் பல சின்ன வேலையாகக் காட்டுவதுதான் "ஸ்பிளிட்டிங்". நம் கையேட்டில் அதற்கு என்ன தமிழ் போடுவது என்ற மடல்களை இரண்டு நாளாகப் படித்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். "பிரிப்பு" என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது என்றதும் வாய் நிற்கவில்லை.

> ஸ்பிளிட்டிங் = ஒப்பந்தப்புள்ளிப் பிரிப்பு. எளிமை. எல்லோருக்கும் புரியும்.

புரியும் தம்பி, வேறொன்றாகப் புரியும். எங்கள் கடற்கரையில் எந்தப் பேரூராட்சி ஆபீஸ் வாசலிலும் "டெண்டர் எப்பப் பிரிக்கிறாங்க?" என்று ஒருவர் கேட்டால், உறையைப் பிரித்து விலை படிக்கும் நேரத்தைக் கேட்கிறார். எல்லாம் ஆன்லைனுக்குப் போன பிறகும் அந்தப் "பிரிக்கிறது" போகவில்லை. "ஒப்பந்தப்புள்ளிப் பிரிப்பு கூடாது" என்று விதியில் எழுதிவைத்தால், வந்த டெண்டரைத் திறக்கவே கூடாது என்று ஆகிவிடும். போதாததற்குச் சட்டத்தில் "செக்‌ஷன்" வேறு பிரிவு.

"துண்டாக்கல்" என்று சொன்ன நண்பருக்கு: துண்டு ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, பஸ்ஸில் துண்டு போடுகிறோம், மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறோம். கொள்முதல் விதியில் துண்டு என்றால் எனக்கு அந்தச் சந்தைதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் 2023-ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. டெண்டருக்கென்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அதற்கு 2000-ஆம் ஆண்டு விதிகளும் தனியாக இருக்கின்றன. இதையெல்லாம் வைத்து மன்ற உறுப்பினர் கையில் கொடுக்க எளிய தமிழில் ஒரு கொள்முதல் கையேடு என்பதுதான் நம் வேலை. உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அதில் மீன் விற்றுக்கொண்டே மன்றத்துக்கு வருகிறவர்களும் உண்டு. கையேட்டை அவர்கள் வாசித்துப் பார்த்து எழுந்து கேள்வி கேட்க வேண்டும்.

நான் எழுத்தராக இருந்த ஓர் ஊரில் (பேர் வேண்டாம்) கடற்கரையை ஒட்டி ஒரே நீட்டாக ஒரு சிமென்ட் சாலை. கோப்பில் அது மூன்று சாலை. "கோயில் முதல் ஐஸ் பிளாண்ட் வரை", "ஐஸ் பிளாண்ட் முதல் வலைக்கூடம் வரை", "வலைக்கூடம் முதல் படகுத்துறை வரை". மூன்று எஸ்டிமேட், மூன்று பணி ஆணை. ஒவ்வொன்றும் டெண்டர் தேவைப்படாத வரம்புக்குச் சில ஆயிரம் கீழே. ஜல்லி இறக்கியது ஒரே லாரி, கலவை போட்டது ஒரே மெஷின். முடிந்த வேலையை அளந்து பதிகிற அளவுப் புத்தகம் மூன்றிலும் பதிவு எழுதியவன் நான். பேனா மை கூட மாறவில்லை.

அங்கே எது உடைந்தது? சாலை உடையவில்லை. ஒப்பந்தக்காரரும் மூன்று பேராக ஆகிவிடவில்லை. உடைந்தது எஸ்டிமேட் மட்டும். பேச்சிலும் "எஸ்டிமேட்டை உடைச்சுப் போட்டாங்க" என்றுதான் சொல்வோம். ஆகவே என் முன்மொழிவு: மதிப்பீட்டு உடைப்பு. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 157-ஆவது விதி இதே குற்றத்தைப் பற்றித்தான்: மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காக, வாங்க வேண்டிய பொருளைச் சிறு சிறு அளவாக்கி வாங்கக் கூடாது. அந்த "தவிர்ப்பதற்காக" முக்கியம். நம் வரைவில் அது வினையாகவே வரட்டும்: "வரம்புக்குள் அடங்கும்படி ஒரே பணியின் மதிப்பீட்டை உடைக்கக் கூடாது."

உடைப்பு என்றால் இந்த மாவட்டத்தில் கண்மாய் உடைப்பு. கேட்டதும் ஒரு பதற்றம் வரும். வரட்டும்.

இன்னொன்று. ஒரே டெண்டருக்குள் தனித்தனியாக விலை கேட்கிற பகுதியான "லாட்" என்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் பந்தல், விளக்கு, குடிநீர் லாரி மூன்றும் வேண்டும். ஒரே டெண்டராக விட்டால் மூன்றும் வைத்திருக்கிற பெரிய ஆள்தான் வருவார்; உள்ளூர்ப் பந்தல்காரர் எட்டியே பார்க்க முடியாது. அதை ஒரே அறிவிப்பில் மூன்றாக வைத்து, யாருக்கு எது முடியுமோ அதற்கு விலை கேட்பது முறையான வேலை. வரம்பு கணக்கிடும்போது மட்டும் மூன்றின் மொத்தத் தொகையையும் பார்க்க வேண்டும்.

தங்கச்சிமடத்தில் சாயங்காலம் பாருங்கள். தார்ப்பாயில் சூடையும் நெத்திலியும் கூறு கூறாக இருக்கும். "கூறு நூறு ரூவா, கலைக்காதய்யா." கூடையில் வந்தது அத்தனையும் எல்லார் கண்ணுக்கும் எதிரே ஒரே நேரத்தில் கிடக்கிறது. லாட் என்றால் அதுதான். கூறு என்று வைப்போம்.

தொண்டியிலிருந்து

*

தொண்டி ஐயாவுக்கு,

மதிப்பீட்டு உடைப்புக்கு என் வாக்கு. "பகுப்பு" என்று எழுதியவள் நான்தான்; வாபஸ். அந்தச் சொல்லில் தப்பு நடந்த வாசனையே இல்லை.

கூறுதான் இடிக்கிறது. சட்டத் தமிழில் உட்பிரிவுக்கும் கீழே (அ), (ஆ) என்று வருகிற "கிளாஸ்" என்பது கூறு. "2-ஆம் உட்பிரிவின் (அ) கூறின்படி 3-ஆம் கூறுக்கு" என்று வந்தால் நீதிமன்றத்தில் என் போன்றவர்களுக்குப் பிழைப்பு ஓடும், கட்சிக்காரருக்கு ஓடாது. ஆய்வுக் கூட்டத்தில் "கூறுகெட்ட டெண்டர்" என்று ஒருவராவது சொல்வார் என்பது தனிக் கவலை.

ராமநாதபுரத்திலிருந்து

*

அம்மா, கிளாஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. தனிக் கூறு வேண்டாம். சாலை, பந்தல் போன்றவற்றுக்குப் பணிக்கூறு, பிளீச்சிங் பவுடர், பல்பு வாங்குவதற்குப் பொருட்கூறு. ஒட்டிக்கொண்டு வந்தால் குழம்பாது. கூறுகெட்ட டெண்டருக்கு மருந்து கிடையாது. சில டெண்டருக்கு அது பொருந்தவும் செய்யும்.

வரைவில் நேற்றிரவு மாற்றிவிட்டேன். எதிர்வீட்டு அக்கா முன்பு வார்டு உறுப்பினராக இருந்தவர். அவரிடம் மதிப்பீட்டை உடைக்கக் கூடாது என்ற அந்த ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். "ஐஸ் பிளாண்ட் ரோடு மாதிரியா?" என்றார்.

ஒப்பந்தக்காரர் பில்லில் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பிறகு கொடுக்கிற "ரிடென்ஷன் மணி" இன்னும் பாக்கி. "நிறுத்திவைப்புத் தொகை" என்று போட்டிருக்கிறேன்; "பிடித்தம்" என்று எழுதினால் அது திரும்பி வராத பணம் என்று ஒப்பந்தக்காரர்கள் நினைப்பார்கள். யாருக்காவது இதைவிடச் சின்னதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.

தொண்டியிலிருந்து